பெயர் வைக்காத செம்பருத்தி

1990 மே 20, ஞாயிறு

நல்ல வெயில். சர்ச் விட்டு வரும்போது தார் செருப்பில் ஒட்டியது. கிணற்றில் தண்ணீர் இல்லை. மோட்டார் போட்டால் கால் வாளி, அப்புறம் வெறும் காற்று. லாரித் தண்ணீர் ஐந்து குடம் பிடித்தோம். அதில் ஒரு சொம்பு செடிக்கு. அம்மாவுக்குத் தெரியாது.

இது ஒன்பதாம் வகுப்பு ரஃப் நோட்டின் மிச்சப் பக்கம். லீவில் உருப்படியாக ஏதாவது எழுது என்று அப்பா சொன்னார். இது உருப்படியா தெரியவில்லை.

எழுத வேண்டிய விஷயம்: பின் போர்ஷன் லலிதா அக்காவின் செம்பருத்தி. (இனிமேல் ல.அ. என்று எழுதுவேன். கை வலிக்கிறது.) ல.அ. டெலிபோன் ஆபரேட்டர். தனியாக இருக்கிறார். அவருடைய அம்மாவுக்கு இடுப்பில் ஆபரேஷன் என்று லீவு போட்டுவிட்டுத் திருச்சிக்குப் போய் ஒரு மாதம் ஆகிறது. ஜூலையில்தான் வருவார். போகும்போது வீட்டுச் சாவியை அம்மாவிடம் கொடுத்தார். செடியை என்னிடம்.

இது கடையில் கிடைக்கிற செடி இல்லை. ல.அ. தானே உண்டாக்கியது. மாடியில் தொட்டியில் இருந்த மஞ்சள் செம்பருத்தியின் சூல்முடியில், பிள்ளையார் கோயில் வாசல் சிவப்புப் பூவின் மகரந்தத்தைத் தடவி, காம்பில் நூல் கட்டி அடையாளம் வைத்து, காய் முற்றும் வரை பேப்பர் கூடு போட்டு மூடி வைத்திருந்தாராம். ஐந்து விதை முளைத்தது. பூக்க இரண்டு வருஷம். நாலு செடி வெறும் சிவப்பு. ஐந்தாவது இது. வேலி ஓரம் தரையில் நட்டார். இப்போது என் தலைக்கு மேலே.

பூ: காலையில் வெண்ணெய் மஞ்சள். நடுவில் அரக்குச் சிவப்பு வட்டம். சாயங்காலம் ஓரம் செங்கல் நிறமாகிச் சுருண்டுவிடும். இந்தச் செடி உலகத்தில் ஒன்றுதான் இருக்கிறது. விதை போட்டால் இதே பூ வராதாம், வேறு ஏதாவது வருமாம். குச்சி வைத்தால்தான் இதே.

"பேர் வைக்கலையாக்கா?" என்று கேட்டிருக்கிறேன். "எங்கம்மா முதல்ல எனக்கு ஒரு மாப்பிள்ளை பேர் சொல்லட்டும். அப்புறம் இதுக்கு வைக்கிறேன்."

மே 22, செவ்வாய்

ஐந்தரை மணிக்கே எழுந்து ஜன்னலில் காவல். பூ.அ. வந்தாள். (பூக்கூடை அம்மாள். எந்தத் தெரு, என்ன பேர், ஒன்றும் தெரியாது. கையில் சிவப்பு பிளாஸ்டிக் கூடை, ஒரு கம்பி வளைத்த கொக்கி.) சுவருக்கு வெளியிலிருந்தே கிளையை இழுத்து மூன்று பூ.

ஓடிப்போய், "ஏன் பறிக்கிறீங்க?" என்றேன்.

"சாமிக்குத்தான் பாப்பா. நீங்க வேதக்காரங்க. உங்களுக்கு இன்னாத்துக்கு செம்பருத்தி?"

"அது எங்களுது இல்லை. பின் போர்ஷன் அக்காவுது."

"அவங்கதான் ஊர்ல இல்லியே. பறிக்காத வுட்டா செடிக்கே பேஜாரு. பறிச்சாதான் பூக்கும்."

போய்விட்டாள். பொங்கல் சமயத்தில் ஒரு கிளையே காணாமல் போனது. பட்டை உரிந்து தொங்கியது. அதுவும் இவளாகத்தான் இருக்கும். அன்றைக்கு ல.அ. சாப்பிடவே இல்லை.

அம்மா சொன்னது: "ஒரு பூவுக்கு விடிகாலையில சண்டையா? அந்த அக்கறையைக் கணக்குல காட்டேன்." அம்மா கணக்கு டீச்சர். எல்லாம் கணக்கில் போய்த்தான் முடியும்.

மே 27, ஞாயிறு

பெரிய விஷயம். கை ஓடவில்லை.

ஓனர் அங்கிள் போர் போடப்போகிறார். இந்தத் தெரு முழுக்க ஒரு காலத்தில் அவர்கள் வயல்தான். இப்போது நாலு போர்ஷன், ஒரு இரும்புக் கடை. படப்பையிலிருந்து நீரோட்டம் பார்க்கிறவரைக் கூட்டிவந்தார். வெள்ளை வேட்டி, வாயில் வெற்றிலை. அவர் உள்ளங்கையில் ஒரு தேங்காயைப் படுக்க வைத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி நடந்தார். நாங்கள் எல்லோரும் பின்னாலேயே. முன் வாசலில் தேங்காய் படுத்தே இருந்தது. கிணற்றடியில் கொஞ்சம் ஆடியது. செம்பருத்திக்குப் பக்கத்தில் போனதும் எழுந்து நின்றது. குடுமி மேலே பார்க்க, நேராக!

"நின்னுச்சு பாத்தியா சார்!" ஓனர் அங்கிள் அப்பாவின் தோளில் அடித்தார். "கரெக்டா இங்கதான் கீது."

அப்பா என் காதில், "விரலை மடக்குறான்."

இன்னொரு தடவை பார்க்கச் சொல்லி நான் கேட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. தெருப்பக்கமிருந்து சுற்றிவந்தார். அதே இடம், அதே மாதிரி நின்றது. "தேங்காகூட வேணாம் பாப்பா. ஊரே காஞ்சு கெடக்குது, இந்தச் செடி மட்டும் எப்டி பச்சையா கீது? கீழ ஊத்து இல்லாம?"

என் சொம்புத் தண்ணீர்! தினம் ஒரு சொம்பு! சொல்ல வாயெடுத்தேன். பக்கத்தில் அம்மா. லாரித் தண்ணீரை எண்ணி எண்ணிப் புழங்குகிற அம்மா. சொல்லவில்லை.

ஜூன் 11 திங்கட்கிழமை நல்ல நாளாம். அன்றைக்கு போர் வண்டி வரும். "அதுக்குள்ள உங்க செடிய இன்னா பண்ணணுமோ பண்ணிக்கோ" என்றார் ஓனர் அங்கிள்.

பதினைந்து நாள்.

சாயங்காலமே வேலை தொடங்கினேன்:
1. பென்சில் கனம், ஒரு சாண் நீளம், பன்னிரண்டு குச்சி. அப்பாவின் பழைய ஷேவிங் பிளேடு. கணுவுக்குக் கீழே சாய்வாக வெட்டு. (பள்ளி லைப்ரரி புத்தகத்தில் படம் பார்த்து நோட்டில் வரைந்து வைத்திருந்தேன்.)
2. இலை எல்லாம் கிள்ளி, நுனியில் மட்டும் இரண்டு. அதையும் பாதியாக வெட்டி.
3. மேல் வெட்டில் சாண உருண்டை, காயாமல் இருக்க. ஓனர் வீட்டு மாடு உபயம்.
4. பால் கவர் பன்னிரண்டு, அடியில் ஓட்டை. மணல் பாதி, செம்மண் பாதி. மணல் எதிர்வீட்டுக் கட்டட வேலையில் கேட்டு வாங்கியது. (கேட்டு!)
5. குளியலறைச் சுவர் நிழலில் வரிசையாக.

அம்மா: "இந்தப் பாலித்தீன் படையெல்லாம் யாருக்கு?"

மே 28, திங்கள்

காலையிலிருந்து ஏழு தடவை போய்ப் பார்த்தாகிவிட்டது. ஒன்றும் இல்லை. ஒரே நாளில் என்ன இருக்கும்? தெரிகிறது. இருந்தும் கால் போகிறது.

தமிழ்ப் பாடத்தில் உட்கார்ந்தேன். இரண்டு பக்கம் படித்த பிறகு, என்ன படித்தேன் என்று தெரியவில்லை.

ஜூன் 1, வெள்ளி

மூன்று கறுத்துவிட்டது. அடியிலிருந்து கறுப்பு ஏறியது. தண்ணீர் அதிகமா, குறைவா? புத்தகத்தில் "தேவையான அளவு" என்று மட்டும். அளவு தெரிந்தால் நான் ஏன் புத்தகம் பார்க்கிறேன்?

மீதி ஒன்பது.

ல.அ.வுக்கு இன்லண்ட் லெட்டர். போர் பற்றி எழுதினேன். குச்சி வைத்திருக்கிறேன், கவலைப்படாதீர்கள், உங்கள் அம்மாவைக் கவனியுங்கள் என்று எழுதினேன். தேங்காய் நின்றதை எழுதினேன். சொம்பை எழுதவில்லை.

ஜூன் 4, திங்கள்

பள்ளி திறந்தது. பத்தாம் வகுப்பு. டீச்சர் எல்லோர் முகத்திலும் பரீட்சை.

பக்கத்து சீட் வசந்தி சொன்னாள்: "குச்சியைக் கேட்டு வாங்கி வெச்சா பிடிக்காதுடி. எங்க வீட்டு மணி பிளான்ட் நாலு தடவை செத்துது. அஞ்சாவது எங்கம்மா டாக்டர் வீட்டிலிருந்து திருடினாங்க. இப்போ ஜன்னலே தெரியலை." பத்துக் கட்டளையில் எட்டாவதை, களவு செய்யாதே என்பதை, அவளுக்குச் சொன்னேன். "செடிக்கு அதெல்லாம் இல்லைடி" என்றாள்.

வீட்டுக்கு வந்து யூனிஃபார்ம்கூட மாற்றாமல் போய்ப் பார்த்தால், துளிர்!! நாலாவது குச்சியில். அரிசி நுனி அளவு. பச்சை.

திருடாமலே வந்துவிட்டது வசந்தி.

ஜூன் 6, புதன்

எல்லாவற்றிலும் துளிர். ஒன்பதிலும். மூன்றாவதில் ஒரு குட்டி இலை விரிந்துவிட்டது, ஓரம் பல்பல்லாக.

உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்காமல் இருக்க முடியவில்லை. நாலாவதை மெதுவாக உருவிப் பார்த்தேன். வேர் இல்லை. அடியில் வெள்ளையாகக் கொஞ்சம் தடிப்பு. வேருக்கு முன்னால் அப்படித்தான் இருக்கும் என்று புத்தகத்தில். திரும்பச் செருகி அழுத்திவிட்டேன். மற்றதில் வந்திருக்கும். இதுதான் சோம்பேறி.

ஜூன் 7, வியாழன்

ஏழாவதை உருவினேன். அதுவும் தடிப்பு மட்டும். நாளைக்கு ஒன்றையும் தொடக்கூடாது.

(சாயங்காலம் இரண்டாவதையும் பார்த்தேன்.)

ஜூன் 9, சனி

ஓனர் அங்கிள் வந்தார். கூடவே கடப்பாரையோடு இரண்டு ஆட்கள். நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

"இன்னா பாப்பா, உன் குச்சிங்க புடிச்சிகிச்சா? இல்லேன்னா சொல்லு. ஆளுங்க கீறாங்க. சுத்திப் பள்ளம் பறிச்சு, மண்ணோட பேத்து, அந்த மூலைல வெச்சிடலாம். அரை நாள் வேல. பொழைக்குமா பொழைக்காதான்னு கேரண்டி இல்ல, பெரிய செடி. இன்னா சொல்ற?"

ஆட்கள் நின்றுகொண்டே இருந்தார்கள். வெயில். ஒருவர் பீடி பற்றவைத்தார். அப்பா வாசலில் பேப்பரோடு, "இவ வெச்சது எல்லாம் துளிர்த்திருக்குங்க" என்று சிரித்தார். பெருமையாக. அப்பா என்னைப் பற்றி வெளியாட்களிடம் பெருமையாகச் சொல்வதே இல்லை.

நான் சொன்னேன்: "ஒன்பதும் பிடிச்சுடுச்சு அங்கிள். பேர்க்க வேண்டாம்."

"ஒம்போதா! கை ராசிதான் போ!"

ஆட்களைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

ஜூன் 11, திங்கள்

பள்ளிக்கு மட்டம். காய்ச்சல் என்று அப்பா லீவ் லெட்டர். உண்மையில் போர் வண்டி பார்க்க.

ஆறரைக்கு அரிவாளால் செடியை வெட்டினார்கள். நான் பார்க்கவில்லை, சத்தம் கேட்டது. கிளையெல்லாம் ஓனர் வீட்டு மாட்டுக்கு. பூ நாலு இருந்தது, பூ.அ. இன்றைக்கு வரவில்லை.

பூஜை, தேங்காய், எலுமிச்சம்பழம். பிறகு வண்டி. சத்தத்தில் ஜன்னல் கம்பி அதிர்ந்தது. மூன்று மணி நேரம் வெறும் புழுதி, வீடெல்லாம் வெள்ளை மாவு. ஓனர் அங்கிள் துண்டை முறுக்கிக்கொண்டே நடந்தார். மத்தியானம் சேறு வந்தது. அப்புறம் தண்ணீர்! பனைமர உயரம் பீய்ச்சி அடித்தது. எல்லோரும் நனைந்தார்கள். அம்மாவும் லீவுதான். அம்மா சிரித்ததைப் பார்க்க வேண்டும், கண்ணாடியெல்லாம் சேறு. அப்பா தேங்காய்க்காரர் கையைக் குலுக்கினார். கொஞ்சம் உப்புக் கரித்தது, ஆனால் தண்ணீர்.

நானும் குதித்தேன். சந்தோஷமாகத்தான் இருந்தது. அதையும் எழுத வேண்டும்.

ஜூன் 13, புதன்

ல.அ. கடிதம். ஆஸ்பத்திரியில் இருந்ததால் தாமதம் என்று ஆரம்பம். நடுவில் இது:

"குச்சியில் துளிர் வந்தால் நம்பாதே எஸ்தர். குச்சிக்குள் இருக்கிற சாப்பாட்டிலேயே பத்து இருபது நாள் துளிர்க்கும். இந்த ரகம் வேர் விட இரண்டு மாதம்கூட ஆகலாம். நானே இரண்டு முறை வைத்துத் தோற்றேன். ஓனரிடம் கெஞ்சியாவது மண்ணோடு பெயர்த்து வைக்கச் சொல். உன்னைத்தான் நம்பியிருக்கிறேன்."

நின்றுகொண்டே படித்தேன். பிறகு போய் ஒன்பதையும் உருவினேன். ஒவ்வொன்றாக. கழுவிப் பார்த்தேன்.

1. இல்லை
2. இல்லை
3. இல்லை (ஐந்து இலை. வேர் இல்லை)
4. இல்லை
5. அடி அழுகல்
6. இல்லை
7. இல்லை
8. ஒரு வெள்ளை நூல். வேரா? தொட்டேன், உடைந்தது.
9. இல்லை

திரும்ப நட்டேன். எதற்கு என்று தெரியவில்லை.

ஜூன் 17, ஞாயிறு

சர்ச்சில் உட்கார முடியவில்லை. அம்மா முழங்காலை அழுத்திப் பிடித்தார். "ஏன் இப்படி நெளியற?"

நான் சொன்னது பொய்யா? 9ஆம் தேதி ஒன்பதிலும் துளிர் இருந்தது நிஜம். ஆனால் அதற்கு முன்னாலேயே மூன்றை உருவிப் பார்த்திருந்தேன். மூன்றிலும் வேர் இல்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்தே "ஒன்பதும்" என்றேன். அப்பா சிரித்துக்கொண்டிருந்தார். ஆட்கள் காத்துக்கொண்டிருந்தார்கள். அவ்வளவுதான் காரணம். எழுதிப் பார்த்தால் எவ்வளவு சின்னதாக இருக்கிறது.

ஜூன் 20, புதன்

இலையெல்லாம் தலை தொங்கிவிட்டது. ஐந்து, ஏழு, ஒன்பது கறுப்பு.

வேர்க்கட்டையாவது மிச்சம் இருக்குமா என்று போர் அடியில் தோண்டப் போனேன். சிமென்ட் மேடை கட்டியாகிவிட்டது. இன்னும் ஈரம். மேடையில் தேதியும் சூலமும் குச்சியால் கீறியிருக்கிறார்கள். ஓனர் அங்கிள், "இன்னா பாப்பா தேடுற? கம்மலா?"

ஆமாம் என்றேன். அவரும் குனிந்து தேட ஆரம்பித்துவிட்டார். பாவமாக இருந்தது.

ஜூன் 24, ஞாயிறு

ல.அ.வுக்கு போஸ்ட் கார்ட். "இங்கு அனைவரும் நலம். போரில் தண்ணீர் வந்துவிட்டது. அம்மாவின் உடல்நிலை எப்படி?" செடி பற்றி ஒரு வரி இல்லை. கார்டில் இடமில்லை என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். கார்டில் பாதி காலி.

ஜூன் 27, புதன்

எட்டாவதும் போயிற்று. ஒன்பதுக்கு ஒன்பது. பால் கவரை மட்டும் கழுவிக் காயப்போட்டேன்.

அந்த நிறம் இனி கிடையாது. எங்கேயும் கிடையாது. அப்பாவிடம் கலர் போட்டோ எடுத்தோமா என்று கேட்டேன். எடுக்கவில்லை. வாட்டர் கலரில் போட்டுப் பார்த்தேன். முட்டை ஆம்லெட் மாதிரி வந்தது.

அம்மா கேட்டார், எனக்கு என்னவென்று. சொல்லிவிட்டேன். எல்லாம். சொம்பு உட்பட. திட்டுவார் என்று நினைத்தேன். சிவப்புப் பேனாவை மூடி வைத்தார். பிறகு, "லலிதாவுக்கு யார் சொல்லப் போறது?"

"நான்தான்."

"ம்." திரும்பப் பேப்பர் திருத்தப் போய்விட்டார்.

ஜூலை 1, ஞாயிறு

வெயில் குறைவு, மேகம். மண்ணெண்ணெய் வாங்க ரேஷன் கடைக்கு. வரிசை நீளம். நின்று நின்று அலுத்து, காற்று வாங்க ஏரிக்கரைப் பக்கம் சுற்றிக்கொண்டு சைக்கிளில் திரும்பினேன். மூன்றாவது குறுக்குத் தெரு. ஆஸ்பெஸ்டாஸ் வீடு, தகரக் கேட்.

சுவருக்கு மேலே அது.

வெண்ணெய் மஞ்சள். நடுவில் அரக்குச் சிவப்பு.

சைக்கிளை நிறுத்தவில்லை, விழுந்தேன். மண்ணெண்ணெய் கொட்டியது பாதி. முழங்கை சிராய்ப்பு. எழுந்து பார்த்தேன். இடுப்பு உயரச் செடி. ஒரே பூ. சந்தேகமே இல்லை. கொடியில் காயும் புடவைக்குப் பக்கத்தில் ஆணியில் சிவப்பு பிளாஸ்டிக் கூடை.

பொங்கலுக்குக் காணாமல் போன கிளை!

ஜூலை 3, செவ்வாய்

இரண்டு நாளாக அந்தத் தெரு வழியாகத்தான் பள்ளிக்கு. சுற்று வழி. இரண்டு நாளும் லேட். வெளியே நிற்க வைத்தார்கள்.

திருடி. திருடிதான். போய் "இது எங்க செடி" என்று சொல்ல வேண்டும். சொன்னால் இல்லை என்பாள். கேட்டைச் சாத்துவாள். அப்புறம் குச்சியும் கிடைக்காது.

ஆனால் அவள் திருடாமல் இருந்திருந்தால் இன்றைக்கு அந்தப் பூ கிடையாது. பத்திரமாகப் பார்த்துக்கொண்டவள் நான். என்னிடம் ஒன்பது காலிக் கவர்.

வசந்தி: "விடிகாலையில போய் நீயும் ஒடிச்சுக்கிட்டு வா. அவ எங்கே ஆறு மணிக்கு வீட்டில இருக்கா? அவ பூத் திருட வேற தெருவுக்குப் போயிருப்பா."

சிரித்தேன். ராத்திரி முழுக்க அதையே யோசித்தேன்.

ஜூலை 8, ஞாயிறு

போனேன். சர்ச் முடிந்ததும், நல்ல பாவாடை சட்டையோடு. கைப்பையில் பைபிள், நடுவில் பிளேடு, ஈரத் துணி.

பூ.அ. கேட்டுக்கு உள்ளே, வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் முறம் நின்றது.

"இன்னா பாப்பா? இன்னா இந்தப் பக்கம்?"

"செடி நல்லா இருக்குங்க."

"எங்க அண்ணன் வூட்லேர்ந்து கொண்டாந்தது" என்றாள், நான் கேட்பதற்கு முன்னாலேயே. "அங்க எல்லார் வூட்லயும் கீது."

பொங்கலுக்கு ஒடித்த கிளை என்று வாய் வரை வந்தது. விழுங்கினேன். "அந்த அக்கா செடியை வெட்டிட்டாங்க. போர் போட. நான் வெச்ச குச்சி எல்லாம் செத்துப்போச்சு."

"அய்ய! அந்தச் செடியையா?" முறத்தைக் கீழே வைத்தாள். முகம் நிஜமாகவே மாறியது. "எல்லாமேவா? ஒண்ணுகூட இல்லியா?"

"ஒண்ணுகூட இல்லை. எல்லாமே என்னாலதான். உங்க செடியிலேர்ந்து ஒரு குச்சி தருவீங்களா அத்தை?"

"உங்க செடி" என்றேன். அதைச் சொல்லத்தான் ஒரு வாரம் ஆனது.

அவள் என் கைப்பையைப் பார்த்தாள். பிறகு, "குடுக்கலாம். ஆனா குடுத்தா புடிக்காது. கேட்டு வாங்கின குச்சி வேர் வுடாது பாப்பா."

எனக்கு அழுகை வந்துவிட்டது.

அவள் எழுந்து முந்தானையை உதறினாள். "அடுப்புல பால் வெச்சிட்டு வந்துட்டேன். பொங்கிடப் போவுது." கதவு வரை போய், திரும்பாமலே: "கேட்டு தொறந்துதான் கீது."

உள்ளே போய்விட்டாள்.

எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. கேட்டைத் தள்ளினேன். கிறீச்சென்றது. பிளேடு எடுத்தேன். ஒன்று, இரண்டு.

உள்ளேயிருந்து சத்தம்: "கீழ்க்கெளைய வுட்டுடு! அதுல மொட்டு கீது. நாளைக்கு சாமிக்கு வேணும்!"

"சரிங்க அத்தை!" என்று நானும் கத்தினேன். மூன்றாவதை மேல் கிளையில் வெட்டிக்கொண்டு ஓடினேன். நடக்கலாம், யாரும் துரத்தவில்லை. ஆனாலும் ஓடினேன்.

மணல், செம்மண், சாண உருண்டை. மூன்று கவர். தண்ணீர் போர்த் தண்ணீர் இல்லை, குடிக்கிற தண்ணீர். அம்மாவே சொம்பில் மொண்டு கொடுத்தார்.

ஜூலை 9, திங்கள்

ல.அ.வுக்கு உண்மைக் கடிதம். நாலு தடவை எழுதிக் கிழித்தேன். கடைசியில் தேதி போட்டு, நடந்ததை மட்டும். "ஒன்பதும் பிடித்துவிட்டது என்று சொன்னேன். பிடிக்கவில்லை என்று எனக்குத் தெரியும்." தபால் பெட்டியில் போட்ட பிறகு கையை விட்டு எடுக்கப் பார்த்தேன். முழங்கை வரைதான் போகிறது.

ஜூலை 15, ஞாயிறு

ல.அ. வந்துவிட்டார். மத்தியானம், ஆட்டோவில். மெலிந்திருக்கிறார். கடிதம் கிடைத்ததா என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. முகத்திலேயே இருந்தது. நேராக சிமென்ட் மேடைக்குப் போய் நின்றார். சூலத்தைப் பார்த்தார்.

"ஓனர் பேர்த்து வெக்கறேன்னு சொன்னாரா?"

"சொன்னார்."

"நீ வேணாம்னியா?"

"ஆமாக்கா."

கதவைத் திறந்து உள்ளே போய்ச் சாத்திக்கொண்டார். நான் படியிலேயே உட்கார்ந்திருந்தேன். அம்மா இரண்டு தடவை சாப்பிடக் கூப்பிட்டார். நாலு மணிக்குக் கதவு திறந்தது. முகம் கழுவிப் பொட்டு வைத்திருந்தார். கண் சிவப்பு. "வா. காட்டு."

தூறல் போட்டது, குடை எடுக்கவில்லை.

பூ.அ. கேட்டில் நின்றிருந்தாள். இன்றைக்கு இரண்டு பூ. சாயங்காலமானதால் ஓரம் செங்கல் நிறம். ல.அ. அதற்குப் பக்கத்தில் போய் நின்றார். தொடவில்லை.

"எங்க அண்ணன் வூட்டுச் செடி" என்றாள் பூ.அ., மெதுவாக.

"அப்படீங்களா? அழகா இருக்கு. இதுக்குப் பேர் ஏதாவது உண்டா?"

"மஞ்சப் புள்ளையாரு."

"என்னது?"

"மஞ்சப் புள்ளையாருன்னுதான் கூப்புடுவோம். பூஜைக்கு மஞ்சள்ல புடிச்சு, நடுவுல குங்குமம் வெப்போம்ல? அப்டியே இல்ல?"

ல.அ. பூவைப் பார்த்தார். திடீரென்று சிரித்துவிட்டார். கண்ணில் தண்ணீர், ஆனால் நிஜமான சிரிப்பு. "ஆமாங்க. அப்படியேதான்."

பூ.அ.வுக்குத் தைரியம் வந்துவிட்டது. "உங்களுக்கும் வேணுமா? நான் பின்னால துணி எடுக்கப் போறேன். மழ வருது."

"வேண்டாங்க" என்றார் ல.அ. "எஸ்தர்கிட்ட மூணு இருக்கு. போதும்."

போதும் என்று எப்படிச் சொல்கிறார்? வேர் விட்டதா என்று எனக்கே தெரியாதே!

திரும்பும்போது: "ரெண்டு வருஷம் யோசிச்சேன் எஸ்தர். எனக்குத் தோணலை பாரு."

என் மேல் கோபம் போய்விட்டதா என்று கேட்கவில்லை. போயிருக்காது. கொஞ்சம் இருக்கும்.

ஜூலை 19, வியாழன்

ஒரு தடவைகூட உருவவில்லை. கவர் பக்கம் போனால் கையைப் பின்னால் கட்டிக்கொள்கிறேன். வசந்தி, நான் நடப்பது எங்கள் ஹெட்மிஸ்ட்ரஸ் மாதிரி இருக்கிறது என்கிறாள்.

கணக்கு டெஸ்ட். சைன், காஸ். முப்பதுக்குப் பதினொன்று. அம்மா வெறுமே கண்ணாடியைக் கழற்றினார்.

ஜூலை 22, ஞாயிறு

நேற்று நல்ல மழை. ஏரியில் நடுவில் மட்டும் தண்ணீர், கொக்கு மூன்று.

காலையில் பார்த்தேன். நடுக் குச்சியில் துளிர். இரண்டு. அரிசி நுனி அளவு.

ல.அ. டியூட்டிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். குடையை விரித்துக்கொண்டே, "எப்படி இருக்கு நம்ம மஞ்சப் பிள்ளையார்?"

"இன்னும் தெரியலைக்கா" என்றேன்.